பாசிக்குடாவில் ஏழு நாள்: கப்பல் பார்க்கப் போன கதை

நாள் 1

கொழும்பு கோட்டையிலிருந்து விடிந்தும் விடியாமலும் கிளம்பும் உதயதேவி ரயிலில் இரண்டாம் வகுப்பு. வாழைச்சேனை வரை கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்கப் பயணம். கேமராப் பெட்டியைக் கீழே வைத்தால் யாராவது மிதிப்பார்கள், மேலே வைத்தால் விழும். அதனால் மடியிலேயே வைத்துக்கொண்டேன். எதிரே இருந்த அம்மா பொலன்னறுவை வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், "உள்ளுக்க என்ன மகன், பூனையா?" என்றார். பெட்டியில் காற்றழுத்தத்தைச் சமன் செய்ய ஒரு சிறு துவாரம் உண்டு. அது மூச்சு விடுவதற்கு என்று நினைத்திருக்கிறார்.

பூனையாக இருந்தால் இவ்வளவு கனக்காது. ஒரு கேமரா, தண்ணீர் புகாத அதன் கூடு, இரண்டு வீடியோ விளக்குகள், அவற்றைப் பிடிக்கும் மடக்குக் கைகள், சார்ஜர்கள், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். துணிமணி எல்லாம் ஒரு முதுகுப்பையில் அடங்கிவிட்டது. உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும் என்பது விமான விதி. சென்னையில் சோதனைக்கு நின்றபோது அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியே கால் மணி நேரம் போனது.

எதற்கு இந்தப் பாடு என்றால், ஹெர்மிஸ். விமானந்தாங்கிக் கப்பலாகவே வரையப்பட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1919இல் கடலில் இறக்கி, 1924இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்த்தார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு நேரே அதை மூழ்கடித்தன. இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அந்தமானில் டைவிங் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அந்தப் பெயர் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். ஹெர்மிஸ் கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. என் சான்றிதழ் 30 மீட்டரோடு முடிகிறது. ஆக, எந்தக் கப்பலுக்காக வந்தேனோ அதை நான் பார்க்கப் போவதில்லை. பார்க்கப் போவது அதே நாளில் மூழ்கிய இன்னொரு கப்பலை. அது பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல், 24 மீட்டரில் தரை தட்டிக் கிடக்கிறது. "அப்ப எதுக்கு இலங்கைக்குப் போறே?" என்று வீட்டில் கேட்டார்கள். நல்ல கேள்விதான்.

வாழைச்சேனையில் இறங்கி ஆட்டோ பிடித்துப் பாசிக்குடா வந்தேன். குளம் போல அசையாத விரிகுடா. இடுப்பளவுத் தண்ணீரில் ஜனங்கள் வெகுதூரம் நடந்துபோய் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இரவுக்கு இடியப்பமும் மீன் சொதியும்.

நாள் 2

புது இடம் என்றால் முதல் டைவ் எப்போதும் பரிசோதனைதான். வழிகாட்டித் தம்பிக்கு வயது இருபத்தாறு இருக்கும், வாழைச்சேனைக்காரர். "அண்ணன், முதல்ல உங்கட மிதப்ப ஒருக்காப் பாப்பம்" என்றார். 62 டைவ் செய்தவனுக்கு இது கொஞ்சம் ரோஷம் தரக்கூடிய வாக்கியம். இருந்தாலும் அவர் சொன்னதுதான் சரி. புதிதாக வாங்கிய விளக்குகளைச் சேர்த்ததும் என் எடைக் கணக்கு தப்பிவிட்டது. கல்குடாப் பக்கத்துப் பவளப்பாறையில் 12 மீட்டரில் முதல் ஐந்து நிமிடம், நாலு பேர் பிடித்துத் தள்ளிய அலமாரி போலத் தடுமாறினேன்.

தண்ணீருக்குள் படம் எடுக்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடல் நிறங்களை ஒவ்வொன்றாகத் தின்றுவிடும். முதலில் போவது சிவப்பு. ஐந்தாறு மீட்டரிலேயே அது செத்துப்போகும். பிறகு ஆரஞ்சு, அதற்கும் கீழே மஞ்சள். 20 மீட்டரில் கை கிழிந்தால் ரத்தம் பச்சை கலந்த கறுப்பாகத்தான் தெரியும். கண் அதை ஓரளவு சரிசெய்துகொள்ளும், கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனால் இறங்கும் ஆழத்துக்கு ஏற்ப வெள்ளைப் பலகை ஒன்றைக் காட்டி இதுதான் வெள்ளை என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விளக்குப் போட வேண்டும். விளக்கோ ஒன்றரை மீட்டருக்கு மேல் பெரிதாக எட்டாது. அதையும் லென்ஸுக்கு நேர் மேலே வைத்தால் தண்ணீரில் மிதக்கும் தூசு அத்தனையும் பளபளத்துப் படம் முழுக்கப் பனி பெய்யும். இரண்டு கைகளையும் அகல விரித்து, விளக்குகளைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வைத்தால் தப்பிக்கலாம். பார்ப்பதற்கு நண்டு மாதிரி இருக்கும்.

மேலே வந்து கூட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர். ஒரே சொட்டுதான், ஆனால் நெஞ்சு நின்றுவிட்டது. தண்ணீர் புகாமல் கூட்டை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கில் ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தது. என் தலையில் மிச்சமிருப்பதே கொஞ்சம், அதில் ஒன்று போயும் போயும் அங்கே விழுந்திருக்கிறது. இனிமேல் இரவிலேயே ஏசி அறையில் உட்கார்ந்து, நல்ல வெளிச்சத்தில் ஓ ரிங்கைத் துடைத்துப் பூட்டிவிட வேண்டும். ஏசி அறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடற்கரையின் ஈரக் காற்றை உள்ளே வைத்துப் பூட்டினால், தண்ணீரில் கூடு குளிர்ந்ததும் அந்த ஈரம் கண்ணாடியின் உள்பக்கம் படிந்துவிடும்.

மாலையில் எடுத்ததை மடிக்கணினியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். படகோட்டி ஐயா தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்றார். அறுபது வயதுக்கு மேல், ஒல்லியான உடம்பு. பத்து வயதில் கடலுக்குப் போக ஆரம்பித்தவர், ஆனால் முகமூடி போட்டுத் தண்ணீருக்குள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம். நான் குரூப்பர் என்றேன். "களவா" என்றார். டிரெவாலி என்றேன். "பாரை. இது சின்னப் பாரை." மோரே ஈல்? "அஞ்சாலை. கடிச்சா விடாது." டிரிகர்ஃபிஷ்? "கிளாத்தி. தோல உரிச்சுப்போட்டுச் சமைக்கோணும்."

இவை எனக்குத் தெரியாத சொற்கள் அல்ல. களவா சந்தையில் வாங்கியிருக்கிறேன், பாரைக் குழம்பு போன மாதம்கூடச் சாப்பிட்டேன். ஆனால் 62 டைவ்களின் குறிப்பேட்டில் ஒரு இடத்தில்கூட அந்தப் பெயர்கள் இல்லை. தட்டில் இருந்தால் களவா, தண்ணீருக்குள் இருந்தால் குரூப்பர் என்று என் மூளை பிரித்து வைத்திருந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஒரே ஒரு இடத்தில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டோம். தட்டையாக, வட்டமாக ஒரு மீன் வந்தது. டைவர்கள் பேட்ஃபிஷ் என்பார்கள். அதை அப்படியே பெயர்த்து "வௌவால் மீன்" என்றேன். ஐயா சிரித்துவிட்டார். "வௌவால் எண்டா வேற மீன் தம்பி. அது இப்படிச் சும்மா நிண்டு வேடிக்கை பாக்காது." உண்மைதான், வௌவால் என்றால் சென்னையில் பாம்ஃபிரெட்.

நாள் 3

பிரிட்டிஷ் சார்ஜன்ட்.

காலை ஆறரைக்கே கிளம்பினோம். காற்று எழும்புவதற்கு முன்னால் போய்விட்டு வர வேண்டும் என்றார் ஐயா. ஃபைபர் போட், வெளியே மாட்டிய எஞ்சின். வழிகாட்டித் தம்பி கையில் ஜிபிஎஸ் வைத்திருந்தார். ஐயா அதன் பக்கம் திரும்பவே இல்லை. கரையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு மலை, அதற்கு முன்னால் வர வேண்டிய ஒரு மரக்கூட்டம், வேறொரு பக்கம் ஒரு கோபுரம். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் எஞ்சினை நிறுத்தினார். எங்கள் ஊரில் குமரி மாவட்டத்துக் கடற்கரையில் இதைக் கணியம் என்பார்கள். தம்பி ஜிபிஎஸ்ஸைப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினார். பத்து பன்னிரண்டு மீட்டர் வித்தியாசம். "அண்ணன், ஐயா சொல்றதுதான் சரியா இருக்கும். கப்பல் பெருசு, ஐயா நிக்கிறது அதின்ட நடுவுல."

நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பத்து மீட்டர் வரை வெறும் நீலம். பிறகு நீலத்தின் ஒரு பகுதி மட்டும் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு மீட்டர் இறங்கியதும் அதற்கு ஓரங்கள் வந்தன. கப்பல் என்று உடனே புரியவில்லை. கப்பல் என்றால் என் மனதில் இருந்தது புகைப்போக்கியும் கைப்பிடிக் கம்பிகளும் உள்ள ஒரு படம். கீழே இருந்ததோ உடைந்து இரண்டாகக் கிடக்கும் இரும்பு மலை. தகடுகள் சரிந்திருக்கின்றன, விலா எலும்புகள் போல இரும்புச் சட்டங்கள் நிற்கின்றன, அவற்றின் மேல் பவளமும் கடற்பஞ்சும் கடல்விசிறிகளும் மூடியிருக்கின்றன. 1922இல் கட்டிய, 5,800 டன்னுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கப்பல் இது. எண்பது வருடத்துக்கு மேலாகக் கடல் இதைத் தன் வீட்டுச் சாமானாக்கிக்கொண்டிருக்கிறது.

மீன்களைப் பற்றி எப்படிச் சொல்வது? மணல் வெளியில் பத்துக் கிலோமீட்டருக்கு ஒரே ஒரு மாடி வீடு இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. சுற்றுவட்டாரத்து ஜனம் எல்லாம் இங்கேதான் குடியிருக்கிறது. மஞ்சள் உடம்பில் நீலக்கோடு போட்ட கூட்டம் ஒன்று தகட்டின் நிழலில் ஒட்டி நின்றது. அதற்கு மேலே வெள்ளி நிறக் குட்டி மீன்கள் ஆயிரக்கணக்கில், ஒரே துணி போல மடிந்து மடிந்து விரிந்தன. வெளியிலிருந்து பாரைகள் நாலைந்து பாய்ந்து வரும்போதெல்லாம் துணியில் ஒரு ஓட்டை விழுந்து மறுபடி மூடிக்கொண்டது. ஒரு குழாய்க்குள்ளிருந்து அஞ்சாலை தலையை நீட்டி வாயைத் திறந்து மூடியது. அது மிரட்டல் இல்லை, அப்படித்தான் மூச்சு விடும்.

நான் என்ன செய்தேன்? எல்லாவற்றையும் எடுக்கப் பார்த்தேன். இங்கே ஐந்து விநாடி, அங்கே மூன்று விநாடி, அந்தப் பக்கம் ஏதோ ஓடுகிறது, திரும்பு. 200 பார் அழுத்தக் காற்றோடு இறங்கியவன் 28ஆவது நிமிடத்தில் 70ஐத் தொட்டுவிட்டேன். தம்பியிடம் இன்னும் 120 இருந்தது. அவர் கட்டை விரலை மேலே காட்டினார். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் கயிற்றில் தொங்கும்போது கீழே பார்த்தேன், கப்பல் மறுபடியும் வெறும் நீலமாகிவிட்டது.

இரவில் பார்த்தால் 41 துண்டுகள். உருப்படியானவை இரண்டு. மீதியெல்லாம் குடிகாரன் கையில் கேமரா கொடுத்தது போல. ஒரு துண்டில் என் சொந்தத் துடுப்பு மட்டும் மிகத் தெளிவாக இருக்கிறது. ஐயாவுக்குக் காட்ட வெட்கமாக இருந்ததால், தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டேன்.

நாள் 4

கடல் இல்லை. காலையிலிருந்தே "கச்சான் அடிக்குது" என்றார் ஐயா. எனக்குத் தெரிந்த கச்சான் ரயிலில் பொட்டலம் கட்டி விற்றார்களே, அந்த வேர்க்கடலை. இங்கே அது மேற்கிலிருந்து வரும் சூடான வறட்டுக் காற்றுக்கும் பெயராம். கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கடற்கரையில் நின்று பார்க்கிறவருக்கு அலையே தெரியாது. வெளியே போன போட் திரும்பி வரும்போதுதான் தெரியும்.

சரி என்று பஸ் பிடித்து மட்டக்களப்புக்குப் போனேன். கல்லடிப் பாலத்தில் நின்றேன். பழைய இரும்புப் பாலம் 1924இல் கட்டியது, பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. இந்த வாவியில்தான் மீன் பாடுகிறது என்பார்கள். நிலா நாட்களின் இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் கேட்குமாம். மீன் இல்லை, ஊரி என்ற சிப்பி வகைதான் பாடுகிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. இன்னும் முடிவாகவில்லை. தண்ணீருக்குள் ஒலிப்பதிவு என்று இன்று நாங்கள் செய்வதை, ஒரு மரத் துடுப்பை வைத்துக்கொண்டு எவ்வளவோ காலமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். நான் போனது பட்டப்பகல். லாரிச் சத்தம்தான் பாடியது.

பகலுணவுக்குப் பிறகு சட்டியில் எருமைத் தயிர், மேலே பாணி என்கிற இனிப்புப் பாகு ஊற்றி. மட்டக்களப்புத் தயிரைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.

இந்த ஓய்வு நாளில் அந்த 1942ஐக் கொஞ்சம் சொல்லிவிடலாம். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானந்தாங்கிகள் கொழும்பைத் தாக்கின. அடுத்த இலக்கு திருகோணமலை என்று தெரிந்ததும், 8ஆம் தேதி இரவு துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியேறச் சொன்னார்கள். ஹெர்மிஸும் அதற்குத் துணையாக வாம்பயர் என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலும் கரையோரமாகத் தெற்கே இறங்கின. மறுநாள் காலை ஒரு ஜப்பானிய உளவு விமானம் பார்த்துவிட்டது. அன்று ஹெர்மிஸில் ஒரு விமானம்கூட இல்லை. விமானந்தாங்கி, ஆனால் தாங்க விமானம் இல்லை. அவை கரையில் இறக்கப்பட்டிருந்தன. பத்தரை மணிக்கு மேல் தாக்குதல் தொடங்கியது, இருபது நிமிடம் அளவில் முடிந்துவிட்டது. ஹெர்மிஸில் 307 பேர் இறந்தார்கள். அந்த வழியாக வந்த வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் அறுநூறு பேர் அளவில் தண்ணீரிலிருந்து தூக்கியது. வாம்பயரும் போனது. பிரிட்டிஷ் சார்ஜன்ட்டும் போனது, ஆனால் அதிலிருந்தவர்கள் எல்லோரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். நேற்று அந்தக் கப்பலுக்குள் பாரைகளைத் துரத்திக்கொண்டு திரிந்தபோது மனது கனக்காமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் பாட்டி எதற்கெடுத்தாலும் "எவாக்வேஷன் போது" என்று ஆரம்பிப்பார். ஜப்பான்காரன் குண்டு போடுகிறான் என்று மெட்ராஸே காலியாகி, மூட்டை முடிச்சோடு ரயிலேறி ஊருக்குப் போன கதை. அது இதே ஏப்ரல்தான். ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது, அடுத்த நாட்களில் சென்னை வெறிச்சோடியது. பாட்டியின் ரயிலும் இந்தக் கப்பலும் ஒரே வாரத்துச் செய்திகள் என்று கல்லடிப் பாலத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது.

நாள் 5

மறுபடியும் பிரிட்டிஷ் சார்ஜன்ட். இந்த முறை 32 சதவீத ஆக்சிஜன் கலந்த நைட்ராக்ஸ் கேட்டு வாங்கினேன். காற்றைவிட நைட்ரஜன் குறைவு என்பதால் 24 மீட்டரில் கூடுதல் நேரம் இருக்கலாம். இன்னொரு முடிவும் எடுத்திருந்தேன். மூன்றே இடங்கள். பின்பகுதியில் உள்ள இயக்குவிசிறி, நிழலில் நிற்கும் மஞ்சள் கூட்டம், முந்தாநாள் பார்த்த குழாயில் இருக்கும் அஞ்சாலை. வேறு எது வந்தாலும் திரும்புவதில்லை.

விசிறி என்று தமிழில் எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. புரொப்பெல்லர். ஒவ்வொரு இலையும் என்னைவிட உயரம். தம்பியை அதற்குப் பக்கத்தில் நிறுத்தி அளவுக்கு ஒரு காட்சி எடுத்தேன். பிறகு மணலுக்கு ஒரு முழம் மேலே, எதையும் தொடாமல், மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு அப்படியே கிடந்தேன். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. நீர்க்குமிழிச் சத்தத்துக்கு மிரண்டு ஒதுங்கியவை பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒரு பெரிய களவா, என் கை நீளத்துக்குக் குறையாது, இலைகளுக்கு நடுவிலிருந்து வெளியே வந்து லென்ஸுக்கு நேரே நின்றது. கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தை எதிரி என்று நினைத்ததோ என்னவோ, வாயை அகலத் திறந்து காட்டியது. நாற்பது விநாடி. கையும் ஆடவில்லை. முந்தாநாள் 41 துண்டிலும் கிடைக்காதது.

இலையின் அடியில், விளக்கை மிக அருகில் கொண்டுபோனதும் ரத்தச் சிவப்பாக ஒரு கடற்பஞ்சு. விளக்கை நகர்த்தினால் கறுப்பு, கொண்டுவந்தால் சிவப்பு. அந்த ஆழத்தில் அந்தச் சிவப்பு யாருக்காக என்று தெரியவில்லை. அங்கே வசிக்கும் எதுவும் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

மாலை ஐயாவை நானே கூப்பிட்டு உட்கார வைத்தேன். முப்பது வருடமாக இந்தக் கப்பலின் மேல் தூண்டில் போட்டவர். அது இருக்கும் இடம் தெரியும், எந்தக் காற்றில் எந்த மீன் ஏறும் என்று தெரியும், எங்கே கயிறு சிக்கும் என்று தெரியும். கப்பலைத்தான் தெரியாது. புரொப்பெல்லர் வந்ததும் கோப்பையைக் கீழே வைத்தார். "இதுவா அது?" என்று மட்டும் கேட்டார். களவா வாயைத் திறந்தபோது, "இவ்வளவு கிட்டப் போயும் ஓடல்லயே" என்று திரையைக் கிட்டத்தில் பார்த்தார்.

பிறகு ஒரு காட்சியில் நிறுத்தச் சொன்னார். இரும்புச் சட்டத்தில் நைலான் கயிறுகள் தாடி போலத் தொங்கின, ஈயக் குண்டுகள், வலைத் துண்டு, துருப்பிடித்த இரண்டு நங்கூரங்கள். எடுக்கும்போது நான் அதைக் குப்பை என்று நினைத்து வேகமாகத் தாண்டியிருந்தேன். ஐயா விரலை வைத்துக் காட்டினார். "இது என்டதா இருக்கும். நாலு கொம்பு, கம்பிய வளைச்சு நான்தான் செஞ்சன்." கொஞ்ச நேரம் மனதுக்குள் கணக்குப் போட்டார். "இதுக்குள்ள நான் குடுத்த நங்கூரத்தையும் தங்கூசியையும் வித்தா இன்னொரு போட் எடுக்கலாம் தம்பி."

தம்பி சிரித்துவிட்டு, அடுத்த முறை போகும்போது எடுத்து வரட்டுமா என்று கேட்டார். "மறுகா அங்கதானே போகப்போகுது, கிடக்கட்டும்" என்றார் ஐயா.

நாள் 6

இன்று ஹெர்மிஸுக்குப் போனேன். ஹெர்மிஸைப் பார்க்கவில்லை. இரண்டும் உண்மை.

ஆழ்டைவர்கள் இரண்டு பேர் போவதாக இருந்தது, போட்டில் இடம் இருந்தது, கேட்டேன். நிபந்தனை ஒன்றுதான்: கயிற்றில் 10 மீட்டரைத் தாண்டக் கூடாது, தம்பியும் கூடவே இருப்பார். அவர்கள் உபகரணம் கட்டிக்கொள்ளவே ஒரு மணி நேரம் பிடித்தது. முதுகில் இரட்டைச் சிலிண்டர், இடுப்பின் இருபுறமும் வேறு வேறு கலவையோடு தனிச் சிலிண்டர்கள். 50 மீட்டருக்குக் கீழே சாதாரணக் காற்றை இழுத்தால் நைட்ரஜன் கள்ளுக் குடித்தது போல ஆக்கிவிடும், அதனால் ஹீலியம் கலக்கிறார்கள். கீழே இருப்பது இருபது நிமிடம். அந்த இருபதுக்கு விலையாக, மேலே வரும் வழியில் ஒவ்வொரு ஆழத்திலும் நின்று நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல்.

அவர்கள் இறங்கிய பிறகு நாங்களும் இறங்கி, 10 மீட்டரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். நீரோட்டம் இருந்தது, கொடிக்கம்பத்துத் துணி போலப் படுக்கையாகப் பறந்தோம். கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்தேன். ஒரு வெள்ளைக் கயிறு, அது நீலத்துக்குள் போய் இல்லாமல் ஆகிறது. அவ்வளவுதான் காட்சி. 182 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று அதன் மறுமுனையில் சாய்ந்து கிடக்கிறது என்பதற்கு ஒரே அடையாளம் குமிழிகள். கீழே மூச்சு விடுகிறவர்களின் குமிழிகள் முதலில் தூள் போல வந்து, எங்களைத் தாண்டும்போது காளான் குடை அளவுக்கு விரிந்துகொண்டு போயின. ஒரு முறை ஒரு சீலாக் கூட்டம் கயிற்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனது. நிறுத்தாமல் ஒன்பது நிமிடம் எடுத்தேன்.

போட்டில் ஏறிய பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஐயா தூண்டில் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "இதுல ஆக்கள் கிடக்கிறாங்க தம்பி" என்றார். வேறு நாட்களில் வேறு போட்கள் இங்கே மீன் பிடிக்கத்தான் செய்கின்றன. அதையும் அவரே சொன்னார்.

மேலே வந்தவர்கள் முதலில் தண்ணீர் கேட்டார்கள், பிறகு வாழைப்பழம், அதற்குப் பிறகுதான் பேசினார்கள். எதையும் தொடவில்லை, எடுக்கவில்லை. அது கல்லறை, அதில் பேச்சே கிடையாது. அவர்கள் எடுத்த படத்தைக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தேன். விளக்கு எட்டும் வட்டத்துக்குள் ஒரு பீரங்கிக் குழாய், அதன்மேல் புதர் போன்ற பவளம், வட்டத்துக்கு வெளியே இருட்டு. வேறு ஏதாவது தெரிகிறதா என்று கேட்டதற்கு ஒருவர், கப்பல் மிகப் பெரிது, ஒரு டைவில் ஒரு மூலைதான் பார்க்க முடிகிறது என்றார். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

ஆழ்டைவிங் படிப்பேனா என்று தம்பி கேட்டார். செலவு, வயது, முழங்கால் என்று மூன்று காரணம் சொன்னேன். நான்காவது காரணம் பயம், அதைச் சொல்லவில்லை.

நாள் 7

விமானத்துக்கு 18 மணி நேரம் முன்னால் டைவிங் நிறுத்த வேண்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் கொடுக்காமல் உயரத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்தது போல ரத்தத்தில் குமிழி கட்டிவிடும். என் விமானம் நாளை மாலை, இன்றிரவு ரயில். ஆகவே இன்று நல்ல தண்ணீரில் சாமான் கழுவும் நாள். குளியலறை முழுக்க ரெகுலேட்டரும் துடுப்பும் தொங்குகின்றன. ஓ ரிங்கில் இன்று முடி இல்லை.

குறிப்பேட்டை எடுத்து நாலு நாள் டைவ்களையும் எழுதினேன். ஆழம், நேரம், காற்று. மீன்கள் என்ற கட்டத்தில் களவா, பாரை, அஞ்சாலை, கிளாத்தி, சீலா என்று எழுதிவிட்டு, நீலக்கோடு போட்ட அந்த மஞ்சள் மீனுக்கு வந்ததும் நின்றேன். ஐயாவிடம் கேட்க மறந்துவிட்டேன்.

அதைக் கேட்கத்தான் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். படத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெயர் சொன்னார். உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி வேறொரு பெயர் சொன்னார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கி, பேச்சு எங்கெங்கோ போய், நான் கடைசியில் அந்தக் கட்டத்தில் "மஞ்சள் மீன், தகராறு" என்று எழுதிக்கொண்டேன்.

சார்ஜன்ட் காட்சிகளை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பேரனின் உதவியோடு போனில் ஏற்றப் பார்த்தோம். போனில் இடம் இல்லை. பேரன் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து, "அப்பப்பா, மாமாட கலியாண வீடியோ கிடக்கு, அழிக்கவா?" என்றான். ஐயா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். மனைவி அடுப்படியில் இருந்தார்.

"சாப்பாட்டுப் பந்திய மட்டும் அழி" என்றார். "அந்த விசிறி வாறது வேணும்."